அஞ்சு போடுங்க, சார்

வேப்பஞ்சருகு ஒரு பிடி அள்ளி, காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் மரியசெல்வி அதைத் தராசுத் தட்டில் போடுவாள். சத்தம் எப்படி இருந்தது என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. ஆனாலும் கசக்கிக் கேட்காமல் எடையை எழுத அவளுக்குக் கை வராது. பிறகு வெள்ளைப் பெட்டியைத் திறப்பாள். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே தொங்கும். மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடக்கூடக் காற்று அவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். மூச்சுக்காற்று பட்டால் அளவு கெட்டுவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பார்ப்பாள்.

நத்தம் சாலையில், சிறுமலை அடிவாரத்து நாற்றுப் பண்ணைக்குள் இருந்தது அந்தப் பெட்டி. எந்தக் காட்டில் எந்த நாளில் தீ பரவ வாய்ப்பு அதிகம் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு முன்கூட்டியே சொல்லும் முறை ஒன்றை, நாடு முழுவதற்குமாக, டேராடூனில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காக நாற்பது இடங்களில் தினமும் அளவெடுத்தார்கள். திண்டுக்கல் பக்கத்து அளவுக்கு 2002 ஜனவரியில் தற்காலிகமாகச் சேர்ந்தவள் மரியசெல்வி. அப்போது வயது முப்பத்து நான்கு. மரியநாதபுரத்தில் அண்ணன் இனிகோ வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அவளுடைய கல்யாணப் பேச்சு ஓய்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

மதியம் இரண்டரைக்குப் பண்ணை அறையில் தொலைபேசி அடிக்கும்.

"ஏனுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

முத்துச்சாமி. பழனிக்குப் பக்கத்துத் தொப்பம்பட்டிக்காரர். டேராடூனில் உட்கார்ந்து தென்பகுதி அளவுகளை வாங்கிக் கணக்குப் போடுகிறவர். இவள் அளவுகளைச் சொல்ல, அவர் எண்ணைச் சொல்வார். அதற்குரிய நிறப் பலகையைப் பண்ணை வாசலில் மாட்டுவாள். ஒன்றுக்குப் பச்சை, மூன்றுக்கு மஞ்சள், ஐந்துக்குச் சிவப்பு. சிவப்பு தொங்கினால் புல்லறுக்க யாரும் மலையேறக் கூடாது.

"அங்கிட்டு ரொம்பக் குளிரா, சார்?"

"நம்மூரு வெயில நெனச்சுக்கிட்டா கொஞ்சம் சூடாகுதுங்க."

இப்படி நான்கு நிமிஷம். அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று அவள் கேட்டதில்லை. வீட்டில் தான் ஒண்டி ஆள்தான் என்று ஒருநாள் அவராகவே சொன்னார். அன்று சைக்கிளில் திரும்பும்போது தன் தெருவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள்.

முதல் மழை இறங்கியதும் அளவெடுப்பு நின்றுவிடும். அடுத்த அழைப்பு ஜனவரியில்தான். ஊரே வானத்தைப் பார்த்துக் கிடந்த வருஷங்கள் அவை. கோயிலில் மழைக்காக மன்றாடும்போது, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொல்வார்கள். மரியசெல்வி மட்டும் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

2004 ஏப்ரலில் ஒருநாள் முத்துச்சாமி, "மூணுங்க, மஞ்சள்" என்றார்.

"இல்ல. அஞ்சு போடுங்க, சார்."

"கணக்குல மூணுதானுங்க வருது."

"சருகுக்கு மூணு சரி சார். புல்லு அப்படி இல்ல. மேல போதைப்புல்லு ஆள் உசரத்துக்கு நிக்குது, தொட்டா ஒடியுது. காத்தும் மேக்க திரும்பிருச்சு. புல்லறுக்கப் போன லூர்தம்மாக்கா கூட்டம் பதினோரு பேரு மேல இருக்காக."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னாச் சரிங்க. அஞ்சு போட்டுட்டனுங்க. மொதல்ல அவங்கள எறக்குங்க."

சிவப்பை மாட்டிவிட்டுக் காவலர் மூக்கையாவை மேலே விரட்டினாள். நாலரைக்குப் பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள். "அறுத்த புல்ல அம்புட்டையும் போட்டுட்டு வாரோம், ஒன் பலகைக்காக" என்று லூர்தம்மாள் ஏசினாள். ஐந்தேகாலுக்கு மேற்குச் சரிவில் புகை கிளம்பியது. அவர்கள் அறுத்துக்கொண்டிருந்த இடம் முழுக்கத் தீ ஓடியதை எல்லோரும் பண்ணையிலிருந்தே பார்த்தார்கள். அரிவாள் பிடித்துக் காய்ப்பேறிய தன் உள்ளங்கைக்குள் மரியசெல்வியின் கையை இறுக்கிக்கொண்டு லூர்தம்மாள் வெகுநேரம் நின்றாள்.

கணக்கை மீறி எண்ணை மாற்றியதற்கு முத்துச்சாமியிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்த மேலதிகாரிகள், நாலைந்து மாதம் பழைய அளவுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, வறண்ட மலைகளில் புல்லைத் தனியாகக் கணக்கிடவேண்டும் என்று சூத்திரத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருஷம் முறை முழுமையாயிற்று. இனிமேல் அளவுகளை இயந்திரமே எடுத்து அனுப்பிவிடும்.

2005 ஜூனில் கடைசி அழைப்பு வந்தபோது தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

"உங்க புல்லு இப்ப நாடு பூராவும் கணக்குல வந்துருச்சுங்க. இந்த முறையப் பத்திப் போட்ட பொஸ்தகத்துலதான் உங்க பேரு இல்லீங்க. அது எனக்கு மனசே ஆறலைங்க."

"பேரு கெடக்கு சார். இனிமே போன் வராதில்ல?"

"வராதுங்க."

மழைச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். இருவரும் வைக்கவில்லை.

"ஐப்பசியில ஊருக்கு வாறனுங்க" என்றார் பிறகு. "மெட்ராஸ் பஸ்ல வந்து திண்டுக்கல்லுல எறங்கித்தான் பழனி பஸ் ஏறோணும். அக்டோபர் இருவத்தொண்ணாந் தேதி, காலைல எட்டு மணிவாக்குல."

"எனக்கு ஒங்க மொகம் தெரியாதே சார்."

"உங்க போட்டோ இங்க பைல்ல இருக்குதுங்க. எனக்குத் தெரியும்."

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி விடியும்போதே அடைமழை. அண்ணி கிளாராவின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே பேருந்து நிலையம் போய்விட்டாள். எட்டேகாலுக்கு மெட்ராஸ் பஸ் வந்தது. ஒதுங்கி நின்றவர்கள் குடைகளோடு முண்டியடித்தார்கள். எங்கு பார்த்தாலும் கறுப்புக் குடைதான். ஒரு முகமும் தெரியவில்லை. பையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

மரியசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் படிக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குடையை மடக்கினாள்.