கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தபோது மெட்டுகுடாவில் ஒரு சந்துக்குள், இரண்டாவது மாடியில், இன்னொரு பெண்ணோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டேன். அவள் தெலுங்குப் பெண். பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். விமானத்தில் பொருத்தும் கருவிகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. சனிக்கிழமை வரைக்கும் இறுகிய முகத்தோடு பஸ் பிடித்துப் போய்வருகிறவள், ஞாயிறு மத்தியானம் ஆனால் வேறு ஆளாகிவிடுவாள். அவளிடம் சொந்தமாக ஓர் உலகம் இருந்தது.

"சும்மா வந்து பாரு. பிடிக்கலைன்னா எழுந்து போய்த் தூங்கு," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

பக்கத்து வீட்டுக் கீழ்த்தள ஹாலில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் அது. பலகை, காய் எதுவும் கிடையாது. பகடை மட்டும் உண்டு. என் தோழி கதையை நடத்துவாள். "மழை கொட்டுது, பாலம் உடைஞ்சுபோச்சு, இப்போ என்ன செய்யறீங்க?" என்று கேட்பாள். சுற்றி இருப்பவர்கள் அந்த உலகத்தின் ஆளுக்கோர் இனத்தாராக இருந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்று பகடையை உருட்டிப் பார்ப்பார்கள்.

இதோடு அவள் ஒரு சட்டமும் போட்டிருந்தாள். ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழி உண்டு. அதை அந்த இனத்துக்காக ஆடுகிறவரே உண்டாக்க வேண்டும். மற்றவரின் மொழியைக் கற்றுக்கொண்டால் ஒழிய அவர்களோடு பேச முடியாது.

"நீ இந்த ஊருக்கு வந்து முதல் மாசம் காய்கறி வாங்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். கதையில மட்டும் எல்லாரும் ஒரே பாஷை பேசினா அது பொய்யில்லையா?" என்றாள்.

எனக்கு ஆற்று மக்களைக் கொடுத்தார்கள். நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் உரிமையோடே வேலையில் இறங்கினேன். என் மக்களுக்கு இடது, வலது, முன், பின் எதுவும் கிடையாது. மேலாறு, கீழாறு, அக்கரை, இக்கரை, இவ்வளவுதான் திசை. மேசையின் நடுவே என் நீலத் துப்பட்டாவை நீளவாக்கில் விரித்து ஆறாக்கினேன். அதற்குப் பிறகு அந்த ஹாலில் தண்ணீர் வேண்டுமென்றாலும், "உனக்குக் கீழாற்றில் இருக்கிற செம்பை அக்கரைக்குத் தள்ளு" என்றுதான் கேட்பேன்.

காற்று மக்களாக ஆடியவர் அடுத்த தெருவில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் உருது பேசுகிறவர். அவருடைய மொழியில் சொற்களே இல்லை, எல்லாம் சீட்டி. நீளச் சீட்டி என்றால் வணக்கம். ஏறி இறங்கினால் கேள்வி. அடுத்தடுத்து மூன்று நீளச் சீட்டி என்றால் போர் அறிவிப்பு.

ஒரு ஞாயிறு நாங்கள் சமாதானப் பேச்சில் மும்முரமாக இருந்தபோது, உள்ளே அந்த வீட்டம்மா அடுப்பில் வைத்திருந்த குக்கர் மூன்று முறை விசிலடித்தது. எல்லோரும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தோம். வாத்தியார் இரண்டு கையையும் தூக்கி, "நான் இல்லை, நான் இல்லை," என்றார். என் தோழி சிரிக்கவே இல்லை. ஒரு நீதிபதியைப் போல யோசித்துவிட்டு, "காற்றின் மொழியைக் காற்று பேசியிருக்கிறது. போர் தொடங்கிவிட்டது," என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தப் போர் நான்கு ஞாயிறுகள் நடந்தது. பருப்பு வெந்ததற்காக என் ஆற்று மக்கள் இரண்டு ஊர்களை இழந்தார்கள். வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்தபிறகு அடுப்பை ஏற்றுமுன் கதவருகே வந்து நின்று, "குக்கர் வைக்கட்டுமா, இல்லை இன்னைக்கும் சண்டை வந்துடுமா?" என்று கேட்டுக்கொள்வார்.

அவர் தமிழில்தான் கேட்பார். அது பிரிட்டிஷ்காரர் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். என்னைக் கண்டாலே அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். "உக்காரும்மா, டீ குடி. நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லிடாதே," என்பார். அவருடைய மகன்தான் கல் மக்களாக ஆடியவர். அமீர்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை. நான் தமிழில் என்ன கேட்டாலும் அவருக்குப் புரியும், ஆனால் பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் வரும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"சென்னையில ஒரு கசின் கல்யாணம். மைக்கைக் கையில கொடுத்துட்டாங்க. நான் ரெண்டு வாக்கியம் பேசினேன். மண்டபமே சிரிச்சது. அதோட விட்டுட்டேன்," என்றார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

ஆனால் கல் மொழியில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவ்வளவு கம்பீரம். கல் மக்கள் பொய் சொல்லாதவர்கள். அதனால் எந்த வாக்கியத்தை முடிக்கும்போதும் அந்தச் செய்தி தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று விகுதிகள் வைத்திருந்தார். கண்ணால் கண்டது என்றால் 'தக்'. பிறர் சொல்லக் கேட்டது என்றால் 'ஸா'. தானாக ஊகித்தது என்றால் 'மோ'. "மலைக்குப் பின்னால் படை வருகிறது ஸா" என்று சொன்னால் யாரோ சொன்னார்கள் என்று பொருள். விகுதி இல்லாமல் முடித்தால் கல் மக்கள் அதை ஒரு பேச்சாகவே மதிக்க மாட்டார்கள்.

போர் முடிந்து ஆற்று மக்களும் கல் மக்களும் நட்பு உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது. மொழிபெயர்க்க ஆள் கிடையாது, சட்டப்படி நாங்கள் இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் படித்தாக வேண்டும். காலையில் மெட்ரோவில் படிப்பது என்று முடிவு செய்தோம். மெட்டுகுடாவில் ஏறினால் அமீர்பேட்டை வரை அவரும் வருவார், நான் அதற்கப்புறம் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கல் மொழியில் தடுமாறுவேன், அவர் ஆற்று மொழியில் தடுமாறுவார். ரயில் போகும் திசை எங்களுக்குக் கீழாறு.

எனக்கு அந்தக் காலைகள் பிடித்துப்போயின. நான் தவறாகச் சொன்னால் அவர் திருத்துவார், அவர் தவறாகச் சொன்னால் நான் திருத்துவேன். இருவருமே நேற்றுப் பிறந்த மொழியைப் பேசுகிறவர்கள், அதில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்க? அவரும் வாய் கூசாமல் பேசினார். மண்டபம் சிரித்தது, மேலதிகாரியின் கோபம், அப்பா இறந்த வருஷம் என்று விகுதி மாறாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல் இல்லாத இடத்தில் அங்கேயே நின்று புதுச்சொல் செய்துகொண்டோம்.

ஒருநாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏ கௌன்சி ஜபான் ஹை பேட்டா?"

இது என்ன மொழி என்கிறார். என்னோடு வந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல், ஆற்றங்கரைப் பக்கத்து மொழி என்று இந்தியில் சொன்னார்.

பெரியவர் தலையை ஆட்டினார். "அதான் நினைச்சேன். எங்க ஆபீஸ்லயும் முன்னாடி அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷங்க," என்று மனதாரச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் அமீர்பேட்டை வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்துக் கீழே விழுந்திருப்போம்.

உடன்படிக்கை நல்லபடியாக முடிந்தது. இனி மெட்ரோவில் சேர்ந்து போகக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தோம். அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து இரானி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. அதைக் கவனிக்காமல் என்னைப் பார்த்து, கல் மொழியில், ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "லோகி துமா மோ."

உனக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்தாமல் போக மனம் வரவில்லை.

"விகுதி தப்பு," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "சாரி," என்று ஆரம்பித்தார்.

"மோ இல்லை. தக்," என்றேன். "இத்தனை நாளா உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

அதற்கு அவர் தமிழில், முதன்முதலாக எனக்குத் தமிழில், பதில் சொன்னார். "தெரிஞ்சது. நம்பறதுக்குத்தான் பயமா இருந்தது."

வீட்டில் சொன்னபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேசினாள். அப்பா திருநெல்வேலியில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்று இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு அம்மாவோடு புறப்பட்டு வந்துவிட்டார்.

கல் மக்களின் பிரதிநிதி அன்று வெளிறிப்போயிருந்தார். அவருடைய அம்மா காலையிலிருந்தே, "தமிழ்ல பேசுடா, தமிழ்ல பேசு," என்று அவரை மேலும் கலவரப்படுத்தியிருந்தார். அதே ஹாலில் நான்கு பெரியவர்கள் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் மாமாவும் ஒருவர் வந்திருந்தார்.

அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, நீங்க பொறந்து வளந்தது எல்லாம் இந்த ஊருதானா?"

"ஹவ்," என்றார் அவர்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "எப்படின்னு எங்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

அவருடைய அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, இங்கிலீஷ் இல்லைங்க. 'ஹவ்'னா எங்க ஊர்ல ஆமான்னு அர்த்தம்."

அப்பா ஒரு நிமிஷம் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அவரும் சிரித்தார், தோள் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் தமிழ் மளமளவென்று வந்தது, பாதியில் இந்தி, நடுநடுவே தெலுங்கு, விளங்காத இடத்தில் கையசைவு. அப்பா ஒன்றையும் விடாமல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஏதோ வெளையாடுதியளாமே, அது என்ன?"

அவர் சொன்னார். மூன்று விகுதிகளைப் பற்றிச் சொன்னபோது அப்பா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அல்லவா.

"நீ பாத்தியா, கேட்டியா, நெனச்சியா? இதைத்தானய்யா அத்தனை வக்கீலும் தொண்டை கிழியக் கேட்டாவ," என்றார். "இந்த வால் ஒட்டிப் பேசியிருந்தா கேஸெல்லாம் ஒரே வாய்தால முடிஞ்சிருக்கும்."

விகுதியை அவர் வால் என்றே சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "சரி மாப்பிள்ளை. எம் மகளை நல்லா வச்சிக்கிடுவேன்னு சொல்லுவிய. அதுக்கு எந்த வால் போடுவிய?"

கல் மக்களின் பிரதிநிதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் யோசித்தார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதை எடுத்துக் கொடுக்க நான் வாய் திறக்கவில்லை.

"அதுக்கு எங்க பாஷையில வால் இல்லைங்க மாமா," என்றார். "நடக்காததைப் பத்திக் கல்லு பேசாது. நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க அடிக்கடி வாங்க. வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, தக் போட்டு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நாள் பாக்கச் சொல்லலாம்லா?" என்றார். அம்மா ஏற்கெனவே பையைத் திறந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தில் வாத்தியார் வணக்கச் சீட்டி அடித்து, நாதஸ்வரக்காரரைத் திடுக்கிட வைத்தார். என் தோழி மணமேடைக்கு ஏறிவந்து எங்கள் காதில், "உங்க ரெண்டு இனத்துக்கும் இனி எல்லை வரி கிடையாது," என்று அறிவித்துவிட்டு இறங்கினாள். அவள் தந்த பரிசுகளிலேயே பெரியது அதுதான்.

இப்போதும் ஞாயிறு மத்தியானம் அதே ஹால்தான். போன மழைக்காலத்தில் என் தோழி அந்த உலகத்தில் மரங்களின் மேல் வாழும் ஓர் இனத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தாள். அதற்கு ஆள் வேண்டும் என்றாள். அப்பா திருநெல்வேலியில் இருந்துகொண்டே வீடியோ காலில் சேர்ந்துவிட்டார். அவர் தமிழில் சொல்வதை என் கணவர் தோழிக்குத் தெலுங்கிலும் வாத்தியாருக்கு இந்தியிலும் சொல்வார். அவர்கள் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில், இப்போது கொஞ்சம் நெல்லைத் தமிழில், சொல்வார். நான் மேலாற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவின் மரமொழியில் இதுவரை முப்பது சொற்கள் தேறியிருக்கும். பாதி, எதிராளி சொல்வதை மறுப்பதற்கு. போன வாரம்தான் 'சாப்பிடலாம்' என்பதற்கு ஒரு சொல் செய்தார். அதை அன்றைக்கே எங்கள் மூன்று மொழிகளும் கடன் வாங்கிக்கொண்டன.