கழற்றச் சொல்லிக் கடிதம் வரவில்லை

நோட்டீஸ் ஒட்டச் சொல்லிக் கடிதம் வந்தது; கழற்றச் சொல்லி வரவில்லை. கொரோனாக் காலத்தில் பிழைபோனது அதுதான். என் சுகாதாரப் பரிசோதகர் வேலை ஊரார் வாசல் படலையைத் தட்டுகிற வேலை. உங்கள் படலையிலும் யாராவது ஒட்டியிருப்பார்கள். ஒட்டினவனும் நிம்மதியாய் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

புகார்

அரியாலை ரோட்டில் அப்போது ஆளில்லை. மாஸ்க்குக்குள் விட்ட மூச்சு மூக்குக்கண்ணாடியில் ஏறி, பனிமூட்டம் மாதிரிப் புகாராகும். அதற்குள் வேலிகள் மிதக்கும். பூவரசுகள் தாமாக நடந்து வரும். கடனீரேரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, தெரியாது.

அப்படி மிதந்து போய்த்தான் சிவக்கொழுந்து அக்காவின் படலையில் நிறுத்தினேன். இடியப்பம் அவித்து விற்றுச் சீவிக்கிறவ. பருத்தித்துறை பஸ்ஸில் அவவுக்கு முன்னால் இருந்தவருக்கு நோய். ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்ற நோட்டீஸ் படலைத் தகரத்தில் ஒட்டவில்லை. கந்தோரில் தந்த அரசாங்கப் பசை அப்படி. இடியப்பத்துக்கு வைத்திருந்த கோதுமை மாவில் பசை காய்ச்சி, படலைக்கு மேலால் நீட்டினவ அவவேதான். “தம்பி, ஒட்டுறதெண்டால் வடிவா ஒட்டுங்கோ. கோணலா நிண்டால் சனம் இன்னும் கதைக்கும்.”

பதினாலு நாள்

பதினாலு நாளும் போயிற்று. சோதனையில் நோயில்லை. கந்தோருக்கு டெலிபோன் எடுத்தேன். “கழட்டச் சுற்றறிக்கை வரேல்லை, வந்தால் சொல்லுவம்” என்றார்கள். நானே கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தது.

மாதங்கள் போயின. விடிய அவவின் குசினிக் கூரைக்கு மேலே ஆவி எழும்பும், வெள்ளையாய், மெதுவாய். வாங்க ஆளில்லை. பிறகு ஆவியும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாயிற்று. நாள்தோறும் முப்பது இடியப்பம் வாங்கின மனுசன் ஒருவரை மறித்து, அக்காவுக்கு ஒன்றுமில்லை என்றேன். படலையைப் பார்த்தார். “நோயில்லை எண்டு நீங்கள் சொல்லுறியள், இருக்கெண்டு படலை சொல்லுது. நான் ஆரை நம்புறது?”

ஊசி

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டோம். எந்த நாட்டு ஊசி என்று கேட்காத ஆளில்லை. ஊசி பிழையென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். எத்தனை தரம் போடவேண்டி வரும் என்பதை மருந்துக் கொம்பனிகள் முதலே சொல்லியிருக்கலாம்.

சனம் ஒருவர் முதுகில் ஒருவராய் நின்றது. அக்கா வந்ததும் முன்னும் பின்னும் விலகிற்று. வெயிலில், வட்டமான வெறும் மண்ணுக்கு நடுவில், தனியே நின்றா. “தம்பி, அரசாங்கம் சொன்ன ஒரு மீற்றர் இடைவெளி எனக்கு மட்டும்தான் கிடைச்சிருக்கு.”

வெள்ளைச்சி

இப்போது தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் நீதவான்கள். என் தீர்ப்பும் சொல்கிறேன்: ஊசி சரி, ஊரடங்கு பாதி சரி, நோட்டீஸ் பிழை, நான் அதைவிடப் பிழை.

அந்த வருடம் மாரி மழை விட்ட ஒரு காலை, அக்காவின் படலைப் பக்கம் போனேன். ஊர் முழுக்க நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. மாப்பசை ஊறி மணந்திருக்க வேண்டும். அயல்வீட்டு மறியாடு, வெள்ளைச்சி என்று கூப்பிடுவார்கள், முன்னங்காலைப் படலையில் வைத்து நோட்டீஸை ஓரத்திலிருந்து தின்றது. அவசரமில்லாமல், அரச இலச்சினை வரைக்கும். அதட்டப் போனேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல்: “கலைக்காதேங்கோ தம்பி. அது சுற்றறிக்கை பாக்கிறேல்லை.”

மறுநாள் படலையில் மூன்று பேர் பாத்திரத்தோடு நின்றார்கள்; அரசாங்கமும் கொம்பனிகளும் நானுமாய்ச் சேர்ந்து செய்யாததை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே செய்து முடித்தது வெள்ளைச்சி.