அவள் சொன்ன என் பெயர்

சென்ற ஆண்டு தீபாவளி நெருங்கிய நேரம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பூ வாங்கப் போன இடத்தில், மூச்சு வாங்கிக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் என் மனைவி. இதய வால்வு சுருங்கிவிட்டதாம். நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியே குழாய் விட்டுப் புது வால்வு வைக்கலாம் என்றார் எங்கள் தமிழ் டாக்டர்.

"பழைய வால்வுல படிஞ்ச சுண்ணாம்புத் துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம் வரலாம், அங்கிள். மணிக்கட்டு வழியா குட்டி வலை ஒண்ணு வச்சுப் பிடிக்கப் பார்ப்போம். ஆனா எல்லாத்தையும் பிடிச்சிடும்னு சொல்ல மாட்டேன்."

கடைசியாகச் சொன்னதுதான் என்னை ஆட்டிவிட்டது. ஓயாமல் பேசுகிறவள். அந்த வாய் நின்றுவிட்டால்? காலமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும், சீன நர்ஸ் வந்து சோதித்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். கையைத் தூக்கச் சொன்னார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த வலது கை மெதுவாகத்தான் எழுந்தது. பிறகு என்னைக் காட்டி, "ஆன்ட்டி, இந்த அங்கிள் பேர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மறுபடி கேட்டார். என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. நர்ஸ் முகம் மாறி, டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் கட்டிலருகே குனிந்தேன்.

"என்னம்மா, பேச்சு வரலையா?"

"நல்லாத்தான் வருது! கட்டின நாள்லேருந்து சொல்லாத பேரை இப்பப் போய் எப்படிச் சொல்றது? நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

அடக் கடவுளே! இங்கேயே பிறந்து, ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் விடவே இல்லை.

ஓடிவந்த டாக்டர் விஷயம் கேட்டுச் சிரித்தார். ஆனால் விடவில்லை. "எனக்காக ஒரு தடவை சொல்லுங்கம்மா." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். துளிகூடக் குழறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் வலையில் சிக்கியதைக் காட்டினார். மணல் போல நாலைந்து துணுக்கு, அவ்வளவுதான்.

இப்போதும் காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கடையில் கோப்பி குடிக்கும்போது, "என் பேர் என்ன?" என்று சீண்டுவேன். "வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்பாள். அன்றைக்குப் பிறகு என் பெயரை அவள் சொன்னதே இல்லை. அந்தத் திட்டு அட்சர சுத்தமாகக் காதில் விழுந்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது.