உப்பளத்தில் எடுக்காத ஃபோட்டோ

குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் கூடும் பாரில் நான் சர்வர். என்னை வளர்த்த அக்கா மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவள் என்பதை அங்கே மறைத்திருந்தேன்.

ஒரு இரவு, "இங்கே வந்தும் எங்களைப் போன்றவர்களையே பார்க்கிறோம், வெட்கமாக இருக்கிறது" என்றாள் வாடிக்கையாளரான ஒரு வெளிநாட்டுப் பெண். டிப்ஸுக்கு ஆசைப்பட்டு, மறுநாள் காலை அவளை உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். அக்கா அன்று வேறு பாத்தியில் இருப்பாள் என்று நினைத்தேன். உப்புக் கூடையோடு நேரே எதிரில் வந்தாள்.

கேமராவைத் தூக்கத் தயங்கிய அந்தப் பெண், அவரிடம் கேளுங்கள் என்றாள்.

"ஃபோட்டோ எடுக்கலாமாம்மா?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "எடுத்துக்கட்டும் சார்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஏனோ மனம் வரவில்லை, எடுக்கவில்லை. அவளுக்கு இருந்த கூச்சம்கூட எனக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்க இதுவரை நாலு முறை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறேன். "வாங்க" என்கிறாள் அக்கா. "வாடா" என்பதில்லை.