நான் சொல்லிக்கொடுத்த நோய்

என் மனைவியை நோயாளியாக நடிக்கச் சொல்லி, இன்னொரு மருத்துவரை வேவு பார்க்க அனுப்பினேன். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

சங்கரன்கோவிலில் நான் பொது மருத்துவன். குருவிகுளம் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். எங்கள் தெருவின் மறுகோடியில் அந்தப் பெண் மருத்துவர் வந்தபின், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக அங்கே போகத் தொடங்கினார்கள். ஒருத்தி உள்ளே போனால் அரைமணி நேரம் கதவு திறக்காது. அதற்குள் நான் பத்துப் பேரைப் பார்த்து அனுப்பிவிடுவேன். அப்படி என்ன பேச்சு? தூக்கமில்லை என்றாலே ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்தையும் சந்தேகப்பட்டேன்.

மனைவிக்கு அப்போது நாற்பத்தொன்பது. மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளை, காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: உதிரப்போக்கு அதிகம், படியேறினால் மூச்சு வாங்குகிறது, திடீரென்று உடம்பு கொதிக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அவள் ஞாபகசக்தியைப் பாராட்டினேன்.

மதியம் திரும்பி வந்தாள்.

"என்ன மாத்திரை எழுதுனா?"

"மாத்திரை ஒண்ணும் எழுதல. கேட்டாங்க, சொன்னேன்."

"அரைமணி நேரமா?"

"முக்கால் மணி நேரம்."

அடுத்த வாரம் நான் அனுப்பாமலே போனாள். இப்போது அவள்மீதும் சந்தேகம் வந்தது. அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்தேன். மடித்து வைத்த ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது: கடுமையான ரத்தசோகை. மருந்துச் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரையும் ஸ்கேனும்தான், ஹார்மோன் இல்லை. கூடவே ஒரு சின்ன நோட்டு. எந்தெந்த நாள் எவ்வளவு உதிரம் போனது, என்றைக்குப் படியேற முடியவில்லை என்று அவள் கையெழுத்து. முதல் வரி, 'ரெண்டு வருஷமா இருக்கு.'

கீழிமையை இழுத்து வெளுப்புப் பார்க்காமல் ஒரு நோயாளியையும் நான் அனுப்பியதில்லை. தினமும் எதிரே நின்று பரிமாறியவளின் கண்ணைப் பார்த்ததில்லை.

அன்று மாலையே அந்த மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். அக்கா உள்ள வந்ததும் சொல்லிட்டாங்க. 'எங்க வீட்டுக்காரரு உங்கள வேவு பாக்க அனுப்பியிருக்காரு. வந்தது வந்தேன், என்னையும் கொஞ்சம் பாத்திருங்க'ன்னாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அரைமணி நேரம் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கேள்விய கேட்டுட்டு சும்மா இருக்கேன் சார். அவ்வளவுதான்."

அந்தச் சும்மா இருப்பது எனக்கு அதுவரை கைவரவில்லை. அதற்குப் பிறகு அந்த வயதுப் பெண்களை நானே கடிதம் கொடுத்து அவரிடம் அனுப்பினேன்.

மனைவியின் உடம்பு தேறியது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்க" என்றாள்.

அவள் விடவில்லை. இன்றைக்கும் அவள் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தால், கீழிமையைப் பார்க்கக் கையை நீட்டுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"ஏன், இப்ப உங்கள யாரு வேவு பாக்க அனுப்புனா?"