நினைவிடத்து வாசலில் அப்பா கழற்றிய சட்டை

அம்பூரி மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அப்பாவை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கிளப்ப எனக்கு ஒரு மாதமாயிற்று. "எழுத்து தெரிஞ்சவனுக்காக்கும் அதெல்லாம். நான் போய் எதைப் பாக்க?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். மழையால் வெட்டு நின்ற ஒரு நாளில் மனம் இளகினார். அங்கே அவருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தால், இனி என்னோடு எங்கும் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கடலோரத்தில் ஓர் இஸ்லாமிய ஞானியின் நினைவிடம் அது. அருங்காட்சியகம் முன்கட்டில். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நாணல் பேனாக்கள், கப்பல்காரர்களின் திசைக்கருவி, மை இன்னும் காயாததுபோல் மின்னும், கையால் எழுதிய திருக்குர்ஆன். ஒவ்வொரு அட்டையையும் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். ஒரு பழைய புத்தகத்தின் முன் நின்றுபோனேன். தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதியது என்றது அட்டை.

"வாசி மக்கா."

"தெரியாதுப்பா."

"காலேஜ் வரை போயும் தெரியாதா? அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணாக்கும்!" அடுத்த பெட்டிக்கு அவரே முன்னால் நடந்தார்.

பின்கட்டில் அடக்கத்தலம். வெள்ளைப் பளிங்குத் தரை, சல்லடை ஜன்னல் வழியே பூப்பூவாக விழும் வெளிச்சம். செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினேன். அப்பா சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் அப்படித்தான் நுழைவார்கள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது.

"அப்பவே சொன்னேன்லா? எலே, நீ பாத்துட்டு வா. நான் வெளியே நிக்கேன்."

முன்பே சொல்லாதது என் தப்பு. வாசலைக் கவனித்துக்கொள்பவர் எழுந்து வந்தார்.

"எங்க போறீங்க அண்ணே? மரியாதைக்குக் கழட்டினதுதானே? அதுல என்ன குறைச்சல்? இங்க மேலை மூடணும், தலையையும் மூடணும், அவ்வளவுதான்."

அப்பாவின் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து அவரே தலையில் கட்டிவிட்டார். "நல்லா சேருது, கேட்டீங்களா!"

"மரத்துக்கிட்ட டெய்லி கெட்டுறதாக்கும்," என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே.

உள்ளே கைகூப்பி நின்றார். பிறகு அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்தார். "நடுவுல ஒரு தூண்கூட இல்ல, பாத்தியா? எப்படி நிக்குது!" வாசித்துச் சொல்ல அங்கே அட்டை எதுவும் இல்லை. நானும் அண்ணாந்தேன்.

வெகுநேரம் கழித்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்றேன்.

"அடுத்த பஸ் உண்டு," என்றார், தலையை இறக்காமலே.