முடியோடு எடுத்த அளவு

காலை ஆறரை மணிக்குச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கையில் ஒரு பை, பைக்குள் நானே தைத்த துணித் தொப்பி. திருத்தணிக்கு முடி கொடுக்கப் போகிறவள், அதுவும் தனியாக, அதுவும் தொப்பியோடு போகிறாள் என்று எதிர்வீட்டு அம்மாள் திறந்த வாயை மூடவில்லை.

என் மகள் வசந்தாவுக்கு ஆறு வயது. டைபாய்டில் பிழைத்தெழுந்தவளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மூன்று வாரமாக அடம். காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது என் முடியை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது இருந்த தைரியம், முடி கொடுத்த மறுநாளே வகுப்பில் அறுபது பெண்களுக்கு முன்னால் மொட்டைத் தலையோடு நின்று கணக்குச் சொல்லித்தர வேண்டுமே என்று நினைத்தபோது இல்லை. தொப்பி அதற்காகத்தான்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகக் கட்டுக்குள் அதை வெட்டித் தைப்பதற்கான காகித மாதிரி கிடைத்தது. வெள்ளைக்காரத் துரைசானிகள் கப்பல் பயணத்துக்குப் போட்டதாம். உச்சிக்கு ஆறு துண்டுகள், சுற்றிலும் அகல விளிம்பு. ஒரு பக்கம் அம்மையார்குப்பத்துக் கட்டம் போட்ட கைத்தறி, திருப்பிப் போட்டால் வெறும் நீலம், மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தேன். பெருமை தாங்கவில்லை.

எட்டு மணி சுமாருக்குத் திருவள்ளூர் தாண்டியது. மணவூரில் இறங்கவேண்டிய ஓர் அம்மாள் தொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, தன் கொய்யாப் பழங்களில் நாலை அதற்குள் போட்டாள்.

“பை நல்லா கீதும்மா. கைப்பிடி வெக்க மறந்துட்டியா?”

தலையில் போடுவது என்றேன். அவள் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, மணவூர் வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்குத் திருத்தணி. ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து திருத்தணி அந்தப் பக்கம் போனபிறகு நான் வருவது இதுவே முதல் தடவை. பெயர்ப் பலகைகளில் தெலுங்கு, பேசுகிறவர்கள் வாயில் தமிழ். நாலணாவுக்கு ஜட்கா பிடித்து, மலையடிவாரத்தில் முடி எடுக்கும் சரவணப் பொய்கைக்குப் போனேன்.

அரைமணி நேரமாவது ஆகும் என்று மனசைத் தயார் செய்து உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்தார், கத்தி ஓடியது, எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். இடுப்புவரை இருந்த முடி என் முன்னால் தரையில் கிடந்தது. கழுத்துக்குப் பின்னால் காற்றுப் பட்டது. பிறந்ததிலிருந்து அங்கே காற்றுப் பட்டதாக ஞாபகமில்லை.

குளித்து, தலையில் சந்தனம் பூசி, தொப்பியை எடுத்து மாட்டினேன். உலகமே இருண்டது. தொப்பி மூக்குக்கு வந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. அளவெடுத்த அன்று டேப்பைக் கொண்டையோடு சேர்த்துச் சுற்றி, இருபத்துநாலு அங்குலம் என்று குறித்திருக்கிறேன். மொட்டைக்கென்று தைத்த தொப்பிக்கு முடியோடு அளவு! நான் கணக்கு டீச்சர் வேறு.

வெயிலில் வெறுந்தலையோடு முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறினேன். சந்நிதியில் வசந்தாவுக்காக வேண்டினேன், பாதி மனசு தொப்பியில் இருந்தது. அதையும் முருகனிடமே சொல்லிவிட்டேன்.

ஒரு மணிக்கு இறங்கி வந்து கடைத்தெருவில் ஒரு தையல்காரரைப் பிடித்தேன். சுற்றளவைப் பிரித்து வெட்டிச் சின்னதாக்கச் சொன்னேன். அவர் என் தலையை அளந்தார். இருபத்தொன்றரை.

“முடியோட அளவு எடுத்துகினு வந்துட்டீங்களாம்மா?”

“ஆங்” என்று அவர் பாஷையிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கத்தரிக்கோலையும் தொடவில்லை.

“வெட்டிட்டா வெட்டினதுதாம்மா. முடி வந்துகினே இருக்கும், அப்பால இது தலைல ஏறாது. நாடா கோத்துத் தரேன். முடி வளர வளர நீங்களே தளத்திக்கோங்க.”

விளிம்பு சேருமிடத்தில் துணிப்பட்டை வைத்துத் தைத்து நாடாவை ஓட்டினார். சோதித்துப் பார்க்க ஓர் இழுப்பு இழுத்தார். தொப்பி தேங்காய் அளவுக்குச் சுருங்கியது. மறுபடி தளர்த்தி என் அளவில் முடிச்சுப் போட்டார்.

நாலு மணி ரயிலில் ஏறியபிறகுதான் ஒன்று தெரிந்தது. திருத்தணியில் ஒருவர்கூட என் தலையை இரண்டாம் தடவை பார்க்கவில்லை. தெரு முழுக்க மொட்டைதான். அரக்கோணம் தாண்டியதும் பெட்டியில் எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். இனி முடி வளரும்வரை இதைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைத்திருந்தார்கள். வசந்தா பயந்து அழுவாளோ என்று நினைத்தேன். அவள் தொப்பியைக் கழற்றி, என் தலையைத் தடவி, கையில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்தாள். பிறகு தொப்பியைத் தன் தலையில் கவிழ்த்து நாடாவை இழுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிக்கு ஓடினாள்.

“நாளைக்கு இதப் போட்டுகினு ஸ்கூலுக்குப் போறேம்மா.”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மூன்று வாரம் கெஞ்சியும் கொஞ்சியும் நடக்காத காரியம். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. அப்போ எனக்கு என்று கேட்டுவிட்டேன்.

“உனக்கு எதுக்கு? எனக்குத் தானா கொட்டிப்போச்சு. நீ சாமிக்குக் குடுத்துட்டுத்தானே வந்திருக்கே?”

மறுநாள் காலை பத்து மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தேன். வணக்கம் சொல்ல எழுந்த அறுபது பெண்களும் என் தலையையே பார்த்தார்கள். சந்தனம் காய்ந்த தலையை அவர்களுக்குக் காட்டியபடி, கரும்பலகைப் பக்கம் திரும்பி முதல் கணக்கை எழுதினேன்.